வேலையிடம் வசூல் இடமா?

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த அலுவலகம். மாலை நாலு மணி இருக்கும். வரவேற்பு மேசையில் தொலைபேசியை எடுத்த பெண், ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கணக்குப் பிரிவின் பக்கம் திரும்பி, "அண்ணா, உங்களுக்குத்தான். லோன் விஷயமாம்" என்றார். அந்தப் பிரிவில் இருந்த நண்பர் எழுந்து போனார். "சரி சார், சனிக்கிழமை கட்டிடறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். மறுநாளிலிருந்து மதியம் எங்களோடு சாப்பிட வரவில்லை. தம்பியின் வண்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அவர் என்பது பல மாதம் கழித்தே தெரிந்தது. பேசிய ஏஜென்ட் மரியாதையாகத்தான் பேசினார் என்று அவரே சொன்னார்.

அந்த மரியாதையான அழைப்பைத்தான் எடைபோட வேண்டும். அடியாள் அனுப்புவதும் கெட்ட வார்த்தை பேசுவதும் தவறு என்பதில் இன்று இரண்டு கருத்து இல்லை. வசூலுக்கு அடியாட்களை ஏவும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2007இலேயே பிரகாஷ் கௌர் வழக்கில் கண்டித்துவிட்டது. தமிழ்நாடு 2025இல் கொண்டுவந்த சட்டம், வலுக்கட்டாய வசூலுக்கு 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. இவை எல்லாம் வசூலிக்கும் விதத்தைப் பற்றியவை. வசூலிக்கும் இடம் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் 12 சுற்றறிக்கையைப் படித்தால் இது தெளிவாகும். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்கிறது அது. பலர் முன் அவமானப்படுத்தும் நோக்கமுள்ள செயல்களையும், குடும்பத்தார், பரிந்துரைத்தவர்கள், நண்பர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடுவதையும் தடுக்கிறது. நல்ல விதிகள்தான். ஆனால் 8 முதல் 7 வரை என்பது, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் பெரும்பாலும் வேலையிடத்தில் இருக்கும் நேரம். வீட்டின் இரவைக் காக்க வந்த விதி, அழைப்பை அலுவலகப் பகலுக்குத் தள்ளிவிடுகிறது. அடுத்தது "நோக்கம்" என்ற சொல். வரவேற்பு மேசைக்குப் போன் போட்டவரிடம் அவமானப்படுத்தும் நோக்கம் இருந்தது என்று யார் நிரூபிப்பது? நோக்கம் இல்லாமலே அவமானம் நடந்து முடிந்துவிட்டது. அந்தப் பட்டியலில் உடன் வேலை செய்பவர் என்ற சொல்லும் இல்லை.

அதே ஆண்டு மார்ச் 14 அன்று வந்த நுண்கடன் விதிகளில் அந்தச் சொல் இருக்கிறது. உறவினர், நண்பர், உடன் பணிபுரிவோரைத் தொந்தரவு செய்வது கடுமையான வசூல் முறை என்று அவை பெயர் சொல்லித் தடுக்கின்றன. நேரமும் 9 முதல் 6 வரைதான். குழுக் கடன் வாங்கிய பெண்ணின் சகபணியாளரைப் பற்றி யோசித்த அதே கை, வண்டிக் கடன் வாங்கிய குமாஸ்தாவின் சகபணியாளரை ஏன் விட்டது என்பதற்கு நியாயமான காரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் நுண்கடன் விதியிலும் ஒரு ஓட்டை உண்டு. பேசி வைத்த இடத்துக்கு அடுத்தடுத்து இருமுறை வராவிட்டால், வீட்டிலோ வேலையிடத்திலோ வசூலிக்கலாம். பூக்கடை வைத்திருப்பவருக்கு வேலையிடம் என்பது வாடிக்கையாளர் நிற்கும் இடம். அன்றைய வியாபாரமே அதில் போய்விடும்.

கடன் கொடுத்தவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. வங்கி கேட்பது வைப்புத்தொகை போட்டவர்களின் பணம். தவணை தவறியவர்களில் செல்போனை அணைத்துவிடுபவர்களும், சொல்லாமல் வீடு மாறுபவர்களும் உண்டு. அலுவலக முகவரியை விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்ததும் கடன் வாங்கியவர்தான். ஆளைக் கண்டுபிடிக்க வேறு வழி என்ன என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பதில் சட்டத்திலேயே இருக்கிறது. வேலையிடத்தின் வழியாகக் கடனை வசூலிக்க ஒரு முறையான வாசல் உண்டு: நீதிமன்றத் தீர்ப்பும், அதன்மேல் வரும் சம்பளப் பற்று உத்தரவும். அந்த வாசலில்கூட 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஒரு வரம்பு போட்டிருக்கிறது. சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. தீர்ப்பு கையில் உள்ளவருக்கே இத்தனை கட்டுப்பாடு என்றால், தீர்ப்பு இல்லாதவர் வரவேற்பு மேசை வரை வருவது எந்த முறை?

இது புதிய கேள்வியும் இல்லை. சம்பள நாளில் ஆலை வாசலில் தடியோடு காத்திருந்த வட்டிக்காரர்களைப் பார்த்துத்தான், விட்லி தலைமையிலான தொழிலாளர் ஆணையம் 1931இல் அப்படி வளைத்து நிற்பதையே குற்றமாக்கச் சொன்னது. வங்காளம் 1934இல் அதற்குச் சட்டமும் போட்டது. தடி தூக்கினால்தான் குற்றம் என்று சொல்லவில்லை. கடன் வசூலுக்காக அங்கே சுற்றி நிற்பதே குற்றம் என்றது. அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த வழியில் யோசித்தது: முதலாளி இத்தகைய அழைப்பை அனுமதிப்பதில்லை என்று தெரிந்தால், வசூல் முகவர் அங்கே தொடர்புகொள்ளக் கூடாது. கடன் கொடுத்த நிறுவனமே நேரடியாக அழைத்தால் அந்தச் சட்டம் பெரும்பாலும் எட்டாது என்பது அதன் குறை. ஆனாலும் அது இடத்தை விதியாக்கியது.

இன்று கையில் இருக்கும் கருவி சிறியது, ஆனால் கூரானது. வாடிக்கையாளர் சொல்லும் இடத்தில்தான் சந்திப்போம், இடம் எதுவும் சொல்லாவிட்டால் வீட்டில், அங்கேயும் இல்லாவிட்டால்தான் வேலையிடத்தில் என்று பல வங்கிகளின் வசூல் கொள்கை சொல்கிறது. அதனால் தவணை தவறப்போகிறது என்று தெரிந்த அன்றே எழுத்தில் சொல்லிவிடுங்கள்: அலுவலகத்துக்கு வராதீர்கள், இந்த எண்ணில், இந்த நேரத்தில் நான் பேசுவேன். சொன்ன நேரத்தில் போனையும் எடுங்கள். எடுக்காவிட்டால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு இருக்காது. மீறி வந்தால் தேதி, நேரம், பேசியவர் பெயர், கேட்ட சாட்சி எல்லாவற்றையும் குறித்து நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

என் தீர்ப்பு இது: விதிகள் குரலை அளக்கின்றன, காதுகளை எண்ணவில்லை. அந்த அழைப்பை எத்தனை பேர் கேட்டார்கள் என்பதே அளவுகோலாக வேண்டும். வங்கிக் கடனுக்கும் உடன் பணிபுரிவோர் என்ற சொல்லைச் சேர்த்து, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வேலையிடத்தில் வசூல் பேச்சு கூடாது என்று எழுத வேண்டும். வேலையைக் காப்பாற்றிக்கொண்டால்தான் ஒருவர் தவணை கட்ட முடியும். அந்த வேலையிடத்தில் அவரைத் தலைகுனிய வைப்பது கடன் கொடுத்தவருக்கும் லாபமில்லை.