கடினநிலைகளும் பெருக்கல் வாய்ப்பாடும்

2019ஆம் ஆண்டு மார்ச்சில் ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் ‘செகிரோ: ஷேடோஸ் டை ட்வைஸ்’ வெளிவந்து, அவ்வாண்டின் இறுதியில் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டாகத் தேர்வானது முதல், அதிரடிக் காணொளி விளையாட்டுகளில் கடினநிலைத் தேர்வு கட்டாயம் வேண்டுமா என்ற வாதம் ஓயவில்லை. எளிது, நடுத்தரம், கடினம் என்று திரையில் தோன்றும் பட்டியலிலிருந்து ஒன்றை ஆட்டக்காரரே தெரிந்தெடுக்கும் ஏற்பாடுதான் கடினநிலைத் தேர்வு. செகிரோவில் அது கிடையாது. வேண்டும் என்போர் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றே: எளிய நிலையைச் சேர்ப்பதால் கடினத்தை விரும்புபவருக்கு இழப்பு ஏதுமில்லை, மற்றவர்களுக்கோ ஆட்டம் கைக்கெட்டுகிறது. நியாயமாக ஒலிக்கும் இவ்வாதம், கடினம் என்பது ஆட்டத்திலிருந்து கழற்றி மாட்டக்கூடிய தனிப்பாகம் என்ற தவறான எண்ணத்தின்மேல் நிற்கிறது.

கடினநிலைத் தேர்வால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. 2020இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’, பார்வை, செவி, உடலியக்கம் ஆகியவற்றில் குறைபாடு உள்ளோருக்காக அறுபதுக்கும் மேற்பட்ட வசதிகளைத் தந்ததோடு, எதிரிகளின் திறன், கூட்டாளிகளின் உதவி, கிடைக்கும் பொருள்களின் அளவு போன்றவற்றைத் தனித்தனியே மாற்றிக்கொள்ளவும் இடமளித்தது. அதற்குமுன் இத்தகைய ஆட்டத்தை முடிக்கவே இயலாதிருந்தவர்கள் அதனால் முடித்தார்கள். வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் ஆடுபவருக்கும் தன் அளவுக்கேற்ற ஆட்டம் கிடைப்பது நல்லதே.

ஆனால் பெரும்பாலான ஆட்டங்களில் அந்தப் பட்டியலுக்குப் பின்னால் இருப்பது வெறும் பெருக்கல் கணக்குதான். 2011இல் வெளிவந்த ‘ஸ்கைரிம்’ இதற்குத் தெளிவான சான்று. ‘அடெப்ட்’ என்ற நடுநிலையில் ஆட்டக்காரர் கொடுக்கும் அடியும் வாங்கும் அடியும் உள்ளபடியே கணக்கிடப்படுகின்றன. ‘லெஜண்டரி’ என்ற உச்சநிலையிலோ, கொடுக்கும் அடி கால் பங்காகக் குறைந்து, வாங்கும் அடி மும்மடங்காகிறது. நடுநிலையில் நான்கு வெட்டில் சாயும் வழிப்பறிக்காரன் உச்சநிலையில் சாய்வதற்குப் பதினாறு வெட்டு வேண்டும். அந்தக் கூடுதல் பன்னிரண்டு வெட்டுக்கிடையே அவன் புதிதாகச் செய்வது ஒன்றுமில்லை: அதே கோடரி வீச்சு, அதே பின்வாங்கல். மிகக் கீழான ‘நோவிஸ்’ நிலையில் அவனே இரண்டு வெட்டில் விழுந்துவிடுகிறான். அங்கே ஆடுபவர் கேடயத்தின் பயன் என்னவென்றே அறியாமல் கதையை முடித்துவிடலாம். மேலே பொறுமை சோதிக்கப்படுகிறது, கீழே கற்கும் தேவையே இல்லாமல் போகிறது. இரண்டிடத்திலும் திறமைக்கு வேலையில்லை.

இதே வாய்ப்பாட்டைச் செகிரோவில் பொருத்தினால் விளைவு இன்னும் மோசமாகும். அதில் ஒவ்வோர் எதிரிக்கும் உயிரளவு ஒன்றும் நிலைதடுமாற்ற அளவு ஒன்றும் உண்டு. எதிரியின் வாள் இறங்கும் கணத்தில் சரியாகத் தடுத்தால் இரண்டாவது அளவு ஏறும், அது நிரம்பியதும் சாதாரண எதிரி ஒரே குத்தில் சாவான். உயிரளவு குறையாதிருக்கும்வரை அவன் விரைவாக நிலைமீள்வதால், தாக்குதலையும் தடுப்பையும் பின்னிப் பின்னி ஆடியாக வேண்டும். ஆட்டத்தின் இன்பம் முழுவதும் இந்தப் பின்னலில்தான் இருக்கிறது. ஆட்டக்காரரின் அடியை இருமடங்காக்கிவிட்டால், தடுமாற்றம் நிரம்புமுன்பே எதிரி செத்துவிடுவான். தடுப்பைப் பழகவே வேண்டியிராது. அப்போது கிடைப்பது செகிரோவின் எளிய வடிவம் அன்று. செகிரோவின் அரங்கில் நடக்கும் வேறொரு சாதாரண வாள்வீச்சு. தடுப்பதற்கான கால இடைவெளியை நீட்டலாம், எதிரியின் வீச்சுகளை மெதுவாக்கலாம். அவை ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கும் எளிமை. ஃபிரம்சாஃப்ட்வேர் அந்தத் திசையில் சிந்திக்காதது அதன் தனிக்குறை. இரண்டாம் சுற்றைத் தொடங்குபவர் குரோ என்ற சிறுவன் தந்த தாயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், கணம் தவறிய ஒவ்வொரு தடுப்பும் காயம் தரும் என்ற நுட்பமான விதியை வைத்து ஆட்டத்தைக் கடினமாக்கத் தெரிந்தவர்களுக்கு, அதே நுட்பத்தோடு எளிதாக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

வேறு வழி இல்லை என்று சொல்ல முடியாது. 1993இல் ஐடி சாஃப்ட்வேர் என்ற சிறு குழு வெளியிட்ட ‘டூம்’ ஆட்டத்தின் வரைபடக் கோப்புகளில், அரக்கனாயினும் மருந்துப்பெட்டியாயினும், எந்தெந்த நிலைகளில் தோன்ற வேண்டும் என்ற குறிப்பு பொருளுக்குப் பொருள் எழுதப்பட்டிருக்கிறது. மிகக் கீழ்நிலையில் ஆட்டக்காரர் படும் அடி பாதியாவதும் உச்சநிலையில் அரக்கர்கள் வேகம் கூடி மீண்டும் உயிர்த்தெழுவதும் உண்மையே. ஆயினும் அரக்கனின் உயிரளவு எந்த நிலையிலும் மாறுவதில்லை. தீயுருண்டை எறியும் ‘இம்ப்’ என்ற அரக்கன், கிட்டத்திலிருந்து சுட்டால் பெரும்பாலும் ஒரே ஷாட்கன் வெடியில் விழுவான் என்பதை எளிய நிலையில் தெரிந்துகொண்டவருக்கு, அந்த அறிவு கடின நிலையிலும் செல்லும்; அங்கே மாறுவது, ஒரு மூலையில் எத்தனை இம்ப் நிற்கின்றன, அவற்றோடு வேறு யார் நிற்கிறார்கள் என்பதே. ஸ்கைரிமில் நிலையை மாற்றியவுடன் இத்தகைய அறிவு செல்லாக்காசாகிறது. 1997இன் ‘கோல்டன்ஐ 007’ மேல்நிலைகளில் எதிரிகளை வலுவாக்குவதோடு நிற்காமல் கூடுதல் பணிகளையும் சுமத்தியது; 1998இன் ‘தீஃப்’ அதன் உச்சநிலையில் மனிதரைக் கொல்வதையே தடைசெய்தது.

பெருக்கலுக்குத் துணைபோகும் இன்னொரு குறை, நிலைகளுக்கு இடப்படும் பெயர்கள். 2005இல் ‘டெவில் மே க்ரை 3’ வட அமெரிக்காவுக்கு வந்தபோது, ஜப்பானியப் பதிப்பின் கடின நிலையே அங்கு ‘நார்மல்’ என்ற பெயரில் வைக்கப்பட்டு, அடுத்த ஆண்டின் சிறப்புப் பதிப்பில்தான் சரிசெய்யப்பட்டது. பொத்தான் ஒன்றைக்கூட அழுத்திப் பார்க்காத ஆட்டக்காரர், இத்தகைய பெயர்களை நம்பியே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

நிலைக்கு நிலை ஆட்டத்தை வேறாக அமைத்தால் செலவு கூடும் என்று தயாரிப்பாளர் தரப்பில் பதில் சொல்லப்படுகிறது. சிறு குழு ஒன்று வரைபடக் கோப்பில் குறித்துவைத்ததை, கோடிக்கணக்கில் செலவிட்டு ஆட்டம் தயாரிக்கும் இன்றைய நிறுவனங்களால் செய்ய இயலாது என்பதை ஏற்க முடியாது. நான்கு எண்களை மாற்றி நான்கு நிலைகள் என்று பெட்டியில் அச்சிட்டுவிட முடிகிறவரை அவர்களுக்கு அதற்கான தேவையும் எழப்போவதில்லை. ஏனெனில் மாறியது என்ன என்று கேட்க வேண்டிய விமர்சகர்களின் மதிப்புரைகள் பலவற்றில், ஆட்டம் எந்த நிலையில் ஆடப்பட்டது என்ற குறிப்புகூட இருப்பதில்லை.