தீவகத்தின் வாக்கும் நமது ஏளனமும்

உள்ளூராட்சித் தேர்தலைப் பொருளாகக் கொண்டு நம்மவர் எழுதிய சிறுகதைகளையும் மேடையேற்றிய நாடகங்களையும் சற்றே நினைத்துப் பாருங்கள். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. கைகூப்பி நிற்கும் அபேட்சகர் ஒருவர். அவருக்கு முன்னே ஓர் ஒலிபெருக்கி. சாராயத்துக்கும் சேலைக்கும் தன் வாக்கை விற்றுவிடும் கிராமத்தான் ஒருவன். வெற்றிபெற்ற மறுநாளே வாக்குறுதியை மறந்துவிடும் தலைவர். வாசகன் சிரிக்கின்றான், ஆசிரியர் சீர்திருத்தவாதி என்று பெயர் பெறுகின்றார்.

இச்சிரிப்பு முற்றிலும் பொய்யானதன்று. வாக்கை விலை பேசுவோரும் உளர்; விற்போரும் உளர். ஆயினும் இக்கதைகளில் ஏளனத்தின் முழுப் பாரமும் வாக்காளனின் தலைமீதே விழுகின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். அவன் ஏன் வாக்களித்தான், ஏன் வாக்களியாது வீட்டிலிருந்தான் என்ற வினாவை இவ்வெழுத்தாளர்கள் எழுப்புவதில்லை. அறியாமை என்றோ அசட்டை என்றோ ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றனர். மக்கள் இலக்கியம் பேசும் நாமும் இப்பழக்கத்துக்கு விலக்கானவர்கள் அல்லர்.

இம்முடிவு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை யாழ்ப்பாணத் தீவகத்தை உரைகல்லாகக் கொண்டு பார்ப்போம். பண்ணைத் தாம்போதியைக் கடந்தால் வேலணையும் ஊர்காவற்றுறையும். அங்கிருந்து மற்றொரு தாம்போதி வழியாகப் புங்குடுதீவு. அதன் குறிகட்டுவான் துறையிலிருந்து கடல் வழியே நயினாதீவும் நெடுந்தீவும். நெடுந்தீவுக்கு ஒரு பிரதேச சபை உண்டு. நயினாதீவும் புங்குடுதீவும் வேலணைப் பிரதேச சபைக்கு உட்பட்டவை; அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்றுறைப் பிரதேச சபையைச் சேர்ந்தவை. யாழ்ப்பாண நகரத்தான் இம்மக்களைத் ‘தீவார்’ என்று ஒரு தனிக் குரலில் அழைத்து வந்தான். அவர்களுடைய வாக்கைப் பற்றிப் பேசும்போதும் அதே குரல் ஒலிப்பதை நாம் கேட்டிருக்கின்றோம்.

வாக்களியாமை என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு மௌனங்கள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்து நோக்காத விமர்சனம் எதனையும் விளக்கமாட்டாது.

முதலாவது, 1931ஆம் ஆண்டின் மௌனம். டொனமூர் அரசியற் திட்டம் 21 வயது நிறைந்த ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வழங்கியது. அது பூரண சுயராச்சியத்தை அளிக்கவில்லை என்ற காரணத்தால் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்ய ஒருவரும் முன்வரவில்லை. ஏகாதிபத்தியத்தை எதிர்த்த அந்த உணர்வை இன்றும் நாம் போற்றுகின்றோம். எனினும் ஒன்றை மறைத்தலாகாது. சேர். பொன். இராமநாதன் போன்ற மேட்டுக்குடித் தலைவர்கள் சர்வசன வாக்குரிமையை எதிர்த்து நின்ற காலம் அது. அத்தடையைத் தாண்டி முதன்முதலாக வாக்குரிமை பெற்ற கூலிக்காரனும், சீவற்றொழிலாளியும், அடுப்படியை விட்டு வெளிவராத பெண்ணும் தமது முதல் வாக்கை அளிக்குமுன்பே அது துறக்கப்பட்டுவிட்டது. துறந்தவர்கள் கற்ற வாலிபர்கள். துறக்கப்பட்ட வாக்கின் உரிமையாளரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. உயர்ந்த கொள்கையின் பெயராலும் எளியவனின் குரல் பறிபோகலாம் என்பது அப்பகிஷ்காரம் தரும் பாடம்.

இரண்டாவது, ஊரில் ஆள் இல்லாமையால் எழும் மௌனம். 1990, 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளோடு தீவகம் இடம்பெயர்ந்தது. புங்குடுதீவைச் சேர்ந்த கவிஞர் சு. வில்வரத்தினத்தின் ‘காற்றுவெளிக் கிராமம்’ என்னும் தொகுதி அவ்வெறுமையின் இலக்கியச் சாட்சியமாக விளங்குகின்றது. அதன் எண்கணிதச் சாட்சியம் 1994ஆம் ஆண்டின் பொதுத் தேர்தலில் கிடைக்கின்றது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் ஏறத்தாழ 596,000 வாக்காளர் பதிவாகியிருந்தனர். சுயேச்சைக் குழுவாகப் போட்டியிட்ட ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி 10,744 வாக்குகளைப் பெற்று 9 ஆசனங்களைக் கைப்பற்றியது. அவ்வாக்குகளுட் பெரும்பாலானவை இராணுவத்தின் பிடியிலிருந்த தீவகத்தில் விழுந்தவை. அது பாராளுமன்றத் தேர்தல்தான். ஆயினும் தீவக வாக்கைப் பற்றிய நமது ஏளனம் பெரிதும் அன்றே உறுதிப்பட்டது. அந்த எண்ணைச் சொல்லிச் சிரித்தவர்கள், அவ்வாறு வாக்களித்தவர் யாவர் என்று கேட்கவில்லை. ஓடிப்போக வழியின்றியும் வசதியின்றியும் எஞ்சியோர் அவர்களுட் பலர். ஊரை ஆயுதத்தால் ஆள்பவர் எவரோ, அவரையே அன்றாடத் தேவைகளுக்கும் நாடி நிற்க வேண்டியவர்கள். பெட்டியில் விழுந்த வாக்கும் அங்கே முழுமையான சொல்லன்று. அதனுள்ளும் பாதி மௌனம் இருந்தது.

மூன்றாவது, அச்சத்தின் மௌனம். 1981இல் கிராம சபைகள் ஒழிக்கப்பட்ட பின்னர் 1998 ஜனவரியிலேதான் குடாநாட்டிலும் தீவகத்திலும் பிரதேச சபைகளுக்கு முதற்றேர்தல் நடைபெற்றது. அதே தேர்தலின் வழி யாழ்ப்பாண மாநகர முதல்வரான சரோஜினி யோகேஸ்வரன் அவ்வாண்டு மே மாதத்திலும், அவருக்குப்பின் வந்த பொன். சிவபாலன் செப்டெம்பரிலும் கொல்லப்பட்டனர். மாநகர முதல்வருக்கே அக்கதியென்றால் தீவிலிருந்து சபைக்குப் போட்டியிட முன்வருபவர் எத்தகைய துணிவு உடையவராய் இருத்தல் வேண்டும்! 2001 நவம்பரில் பாராளுமன்றத் தேர்தற் பிரசாரத்துக்கெனத் தீவகம் சென்றோர் நாரந்தனையில் தாக்கப்பட்டனர், இருவர் உயிரிழந்தனர். நகரத்திலிருந்து சென்றவர் அன்று மாலையே திரும்பிவிடலாம். தீவிலிருப்பவன் மறுநாளும் அதே ஒழுங்கையில் நடந்தாக வேண்டும்.

நான்காவது மௌனம் அரசாங்கம் சுமத்தியது. 2023 மார்ச் 9ஆந் திகதி நடைபெறவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், பணமில்லை என்று கூறி நடத்தப்படாது விடப்பட்டது. அவ்வாறு விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6ஆந் திகதியே நடைபெற்றது. இடையே இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் எவருமின்றிச் செயலாளர்களே சபைகளை நடத்தினர். வரி அறவிடப்பட்டது, அலுவலகம் திறந்தது, மூடியது. உறுப்பினர் இல்லாமலே சபை நடக்கும் என்பதை இரண்டாண்டு காலம் கண்ணாரக் கண்ட ஒருவன், ‘நான் ஏன் வாக்களிக்க வேண்டும்?’ என்று கேட்டால் அவனை அறிவிலி எனல் தகுமா?

இனி, வாக்களித்தவனைப் பார்ப்போம். 2011 ஜூலைத் தேர்தலில் குடாநாட்டின் சபைகளைத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு கைப்பற்றியபோது, வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு ஆகிய மூன்று மட்டும் அன்றைய ஆளுங் கூட்டணியிடம் சென்றன. ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி அக்கூட்டணியில் இருந்தது. அதன் தலைவர் அமைச்சராயிருந்தார். ‘தீவார் விலைபோய்விட்டார்கள்’ என்ற பேச்சு எழுந்தது. ஆனால் 2013 செப்டெம்பரில் வட மாகாண சபைத் தேர்தல் வந்தபோது அதே ஊர்காவற்றுறைத் தொகுதி கூட்டமைப்புக்கே அதிக வாக்குகளை அளித்தது. விலைபோனவர்கள் இரண்டாண்டில் எவ்வாறு மீண்டார்கள்? விசுவாசிகளாயின் முன்னர் ஏன் மாறினார்கள்?

இரு தேர்தல்களுக்கும் அவர்கள் இருவேறு கணக்குகள் வைத்திருந்தனர் என்று கொண்டாலன்றி இதனை விளக்க முடியாது. மாகாண சபைத் தேர்தலில் ‘நாம் யார்’ என்ற வினாவுக்கு விடையிறுத்தனர். பிரதேச சபைத் தேர்தலிலோ துறைக்குச் செல்லும் வீதி, படகு, தண்ணீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பெற்றுத்தரக்கூடியவர் யார் என்று பார்த்தனர். முன்னதை இலட்சியம் என்றும் பின்னதை இழிவு என்றும் வகுப்பது, குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் வீட்டிலிருந்துகொண்டு செய்யும் விமர்சனமாகும். இக்கணக்கில் அச்சத்துக்கும் ஆளுங்கட்சியின் செல்வாக்குக்கும் பங்கில்லை என்று நாம் சொல்லவில்லை. உரிமையாகக் கிடைக்கவேண்டியதைச் சலுகையாகப் பெறவேண்டிய நிலையில் மக்களை வைத்திருந்தது யார் என்பதே நாம் கேட்பது.

தண்ணீர் என்றதும் மு. தளையசிங்கத்தை நினையாதிருக்க இயலாது. புங்குடுதீவிலே வாழ்ந்த அவர் முற்போக்கு அணியினரோடு கடுமையாக வாதிட்டவர். அவருடைய மெய்யியலை நம்மவர் ஏற்றதில்லை. ஆயினும் 1971இல் தாழ்த்தப்பட்ட மக்கள் நன்னீர்க் கிணற்றில் அள்ளும் உரிமைக்காக நடந்த போராட்டத்தில் அவர் முன்னின்றார், பொலிஸாரின் தாக்குதலுக்கும் உள்ளானார், 1973இல் மறைந்தார். நாம் நிற்கவேண்டிய இடத்தில் அவர் நின்றார் என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்குக் குறைவொன்றுமில்லை. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இலேயே நிறைவேறிவிட்டது. அதன் பின்பும் பதினான்கு ஆண்டுகள் கழித்து ஒரு வாளி தண்ணீருக்குச் சத்தியாக்கிரகம் தேவைப்பட்டது. சட்டம் கொழும்பில் இருந்தது. கிணறு ஊரில் இருந்தது. ஊரதிகாரம் யார் கையில் என்ற கேள்வி தீவகத்தில் வெறும் அரசியற் பேச்சன்று, தாகத்தின் கேள்வி.

இங்கே மற்றொரு நுட்பமும் உண்டு. 2018ஆம் ஆண்டிலிருந்து 60 வீத உறுப்பினர் வட்டார அடிப்படையில் தெரிவாகின்றனர். பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கப்படுகின்றது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் சில நூறு வாக்காளரே உள்ள தீவு வட்டாரத்தில் அபேட்சகர் அயலவராக இருப்பார். காணிக்காரராக, கோயில் முதலாளியாக, கடன் கொடுத்தவராகவும் இருப்பார். யார் யாருக்கு வாக்களித்தார் என்பதை ஊர் ஊகித்துக்கொள்ளும். பாராளுமன்றத் தேர்தலைவிட ஊர்த்தேர்தலில் ஏழைக்கு ஆபத்து அதிகம். அவன் சில வேளை விலகி நிற்பது அசட்டையால் அன்று, முன்யோசனையால்.

உலகத்தையும் சற்றே நோக்குவோம். வட அயர்லாந்தில் 1960களின் இறுதிவரை உள்ளூராட்சி வாக்குரிமை வீட்டுவரி செலுத்தும் குடித்தனக்காரருக்கும் அவர்தம் துணைவருக்கும் மட்டுமே உரியதாயிருந்தது. 1968இல் மக்கள் வீதிக்கு இறங்கி எழுப்பிய முதற் கோரிக்கைகளுள் ஒன்று, உள்ளூர்ச் சபைகளில் ஆளுக்கொரு வாக்கு வேண்டும் என்பதாகும். அங்கே சபைகள் வீடுகளைப் பங்கிட்டன. வீடு வேண்டியவன் வாக்கை வேண்டினான். சபையின் கையில் பொருள் இருந்தால் மக்களுக்கு வாக்கில் ஆர்வம் தானாகவே பிறக்கும்.

நமது தீவுச் சபைகளின் கையில் இருப்பதென்ன? நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமான காற்று, சூரிய மின் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2021 ஜனவரியில் அது ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது, இந்தியா ஆட்சேபித்தது, அவ்வாண்டின் இறுதியில் சீனத் தரப்பு விலகியது, 2024 மார்ச்சில் இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடையோடு ஓர் இந்திய நிறுவனத்துடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. தீவின் விளக்கைப் பற்றிக் கொழும்பும் பீக்கிங்கும் டில்லியும் பேசின. முடிவு தீவுச் சபைகளின் கையில் இருக்கவில்லை. பெருவீதியும் கடற்போக்குவரத்தும் மின்சாரமும் மத்திய திணைக்களங்களினதும் அதிகாரசபைகளினதும் கையில். எஞ்சிய ஒழுங்கையும் சந்தையும் சுடலையும் சபைக்கு. இவ்வளவையும் கழித்துவிட்டு மிஞ்சியதற்கு வாக்களிக்க வரவில்லையென்று மக்களைக் கடிந்துகொள்ளுதல், பானையை வெறுமையாக்கி வைத்துவிட்டுப் பசியில்லையா என்று கேட்பதை ஒக்கும்.

இத்தனைக்கும் பிறகு மக்கள் வாக்களிக்கின்றனர் என்பதே வியப்பு. முதியவள் ஒருத்தி பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் வாக்குச்சாவடிக்கு நடக்கின்றாள். அவளுடைய பிள்ளைகள் ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்கக்கூடும். அவர்கள் கோயிலுக்குப் பணம் அனுப்பலாம், வாக்கு அனுப்ப முடியாது. ஊரில் எஞ்சியவள் தானும் ஓர் ஆள் என்று எண்ணப்படும் நாள் அது. இந்த மான உணர்வை நம் கதைகள் ஏன் காணவில்லை?

இறுதியாக, ஆசிரியர்களாகிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்தற் கடமைக்குச் செல்லும் உங்களுக்குத் தபால்மூல வாக்கு உண்டு. அன்று கடலுக்குப் போனாலன்றி அடுப்பெரியாத ஊர்காவற்றுறைக் கடற்றொழிலாளிக்கு அவ்வசதி இல்லை. அவனுடைய ஒரு நாட் கூலி அவன் வாக்கின் விலை. அதை அவன் வாங்கவில்லை, கொடுக்கின்றான். அவனுக்குக் குடியியல் உபதேசம் செய்யுமுன், நாம் செய்யவேண்டியவை சில உண்டு. சபையின் வரவுசெலவுத் திட்டத்தை வகுப்பறைக்குக் கொண்டுவந்து மாணவருக்கு வாசித்துக் காட்டுவோம். தேர்தல் உரிய காலத்தில் நடக்கவும், தண்ணீரும் படகும் விளக்கும் மக்கள் தெரிந்தெடுத்த சபையின் பொறுப்பில் வரவும் குரல் கொடுப்போம். எழுத்தாளர்களோ, சாராயப் போத்தலை விட்டுச் சற்றே விலகி, அந்த ஒரு நாட் கூலியைக் கதையாக்கட்டும். அக்கதையில் சிரிப்பு இருக்குமாயின், அது வாக்காளனைப் பார்த்துச் சிரிப்பதாய் இராது.