ஒரு கண்ணாடிக் கல்லும் மூன்று புத்தகங்களும்

துப்பறியும் நாவல் கையில் கிடைத்தால் கடைசி அத்தியாயத்தை முதலில் புரட்டிப் பார்த்துவிடுகிற வாசகர்கள் நம்மில் உண்டு. குற்றவாளி யார் என்று தெரிந்த பிறகு, நடுவில் வேறொருவனைச் சந்தேகித்து அலைகிற இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு அசடாகத் தெரிவார். நாவல் விஷயத்தில் இதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. விஞ்ஞானத்தின் கதையையும் நாம் இப்படியே படிக்கிறோம் என்பதுதான் வருத்தம். பொது வாசகர்களுக்காக அதை எழுதுகிறவர்களும் இப்படியே எழுதுகிறார்கள். ஜயித்தவன் மேதை, தோற்றவன் கோமாளி. இது எவ்வளவு அநியாயமான வாசிப்பு என்பதைச் சொல்ல, டெக்டைட் என்ற சின்னஞ்சிறு கண்ணாடிக் கல்லையும் அதைச் சுற்றியுள்ள மூன்று புத்தகங்களையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் கல்லைப் பார்ப்போம். பெரும்பாலும் கறுப்பு, செக் நாட்டில் கிடைப்பது அழகிய பச்சை. சில உருண்டை, சில கண்ணீர்த் துளி போல, சில சட்டைப் பித்தான் போல. ஆஸ்திரேலியாவிலும் இந்தோசீனாவிலும் பிலிப்பைன்ஸிலும் மண்ணோடு மண்ணாகக் கிடக்கின்றன. ஐவரி கோஸ்ட்டிலும், அமெரிக்காவில் டெக்ஸாஸ், ஜார்ஜியா மாகாணங்களிலும் கிடைக்கின்றன. வேறு பல இடங்களில் தேடினால் இல்லை. எரிமலைக் கண்ணாடி என்றால் பக்கத்தில் எரிமலை இல்லை. விண்கல் என்றால், விண்கல் விழுவதைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். டெக்டைட் விழுந்து பார்த்தவர் ஒருவருமில்லை. 1900-இல் ஆஸ்திரிய நிபுணர் ஃப்ரான்ஸ் எடுவர்ட் சூஸ் இதற்குப் பெயர் வைத்தார். 'உருகியது' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. எங்கே உருகியது, எதனால் உருகியது என்பதுதான் வழக்கு.

முதல் புத்தகம், 1844-இல் டார்வின் எழுதிய எரிமலைத் தீவுகளைப் பற்றிய நூல். ஆஸ்திரேலியாவில் நிலம் அளந்து ஊர் ஊராகச் சுற்றிய ஸர் தாமஸ் மிட்செல், டார்லிங், மர்ரே நதிகளுக்கு இடைப்பட்ட மணல்வெளியில் கிடைத்த ஒரு பித்தான் கல்லை டார்வினிடம் கொடுத்திருந்தார். சில வரிகள்தாம் எழுதுகிறார் டார்வின். ஆனால் அந்த வரிகளை நாவலாசிரியர்கள் படிக்க வேண்டும். கல்லின் வடிவத்தைச் சொல்கிறார். அதன் விளிம்பைச் சொல்கிறார். படம் போட்டுக் காட்டுகிறார். உருகிய நிலையில் ஆகாயத்தில் சுழன்ற எரிமலைக் குண்டு இது என்று முடிவு கட்டுகிறார். அதோடு நிற்கவில்லை. பல நூறு மைல் சுற்றளவில் எரிமலை இல்லை என்பதையும் அவரே எழுதி வைக்கிறார். பழங்குடி மக்கள் யாராவது எடுத்து வந்திருக்கலாம் என்று ஒரு சமாதானமும் சொல்கிறார்.

அந்த முடிவு செத்துப்போய்விட்டது. வர்ணனை இன்றும் உயிரோடு இருக்கிறது. தன் கதைக்கு இடைஞ்சலான ஒரு விஷயத்தை மறைக்காமல் பக்கத்திலேயே உட்கார வைப்பது எழுத்தில் ஓர் உயர்ந்த நாணயம். பின்னால் வந்தவர்கள் வழக்கைத் திரும்ப எடுக்க முடிந்தது அதனால்தான்.

இரண்டாவது புத்தகம், 1972-இல் வந்த ஹார்வி நினிங்கரின் சுயசரிதை. விழுகிற நட்சத்திரத்தைத் தேடிப் போனவரின் கதை. கான்ஸாஸ் மாகாணத்தில் ஒரு சிறு கல்லூரியில் உயிரியல் வாத்தியாராக இருந்தார் நினிங்கர். 1923 நவம்பரில் ஓர் இரவு வானத்தில் ஓடிய நெருப்புப் பந்து அவர் வாழ்க்கையை மாற்றிவிட்டது. 1930-இல், ஊரெல்லாம் வேலை இல்லாமல் தவித்த மந்த காலத்தில், கையிலிருந்த உத்தியோகத்தை உதறிவிட்டு விண்கல் தேடுவதையே பிழைப்பாகக் கொண்டார். பண்ணை பண்ணையாகப் போவார். பள்ளிக்கூடங்களில் மாதிரிக் கல்லைக் காட்டிப் பேசுவார். உழவில் அகப்படுகிற கனத்த கறுப்புக் கல்லைக் கொண்டு வந்தால் ராத்தலுக்கு ஒரு டாலர் என்று சொல்லி வைப்பார். 1946-இல் அரிஸோனாவின் பெரும் பள்ளத்துக்கு அருகே, நெடுஞ்சாலை ஓரத்தில், சொந்தமாக ஒரு கண்காட்சி சாலையே திறந்தார். 1958-இல் அவருடைய சேகரத்தில் ஒரு பகுதியைப் பிரிட்டிஷ் மியூஸியமும், 1960-இல் மீதியில் பெரும் பகுதியை அரிஸோனா ஸ்டேட் சர்வகலாசாலையும் விலைக்கு வாங்கின.

புத்தகம் என்ற அளவில் இதில் கட்டுக்கோப்பு குறைவு. சம்பவத்தின் மேல் சம்பவம் வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. ஆனால் ஓர் உண்மை இதைப் போல வேறு எங்கும் தெளிவாகத் தெரிவதில்லை. சித்தாந்தம் பிறக்குமுன் ஒருவன் குனிந்து கல்லைப் பொறுக்க வேண்டும். அதே கான்ஸாஸில், நினிங்கருக்கு வெகு காலம் முன்பே, எலைஸா கிம்பர்லி என்ற பண்ணை வீட்டுப் பெண்மணி வயலில் கிடந்த கனத்த கற்களைச் சேர்த்துக் குவித்தாள். அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். அவள் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, 1890-இல் ஒரு பேராசிரியர் வந்து பார்த்த பிறகுதான் அவை விண்கற்கள் என்று ஊருக்குத் தெரிந்தது. டெக்டைட்டுகளையும் இப்படிச் சேர்த்தவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஜார்ஜ் பேக்கர் போர்ட் காம்ப்பெல் கடற்கரையில் பொறுக்கிய, விளிம்பு உடையாத பித்தான்கள் இல்லாவிட்டால் அடுத்த அத்தியாயமே இல்லை.

அந்த அத்தியாயம் சந்திரனைப் பற்றியது. டெக்டைட் சந்திரனிலிருந்து வந்தது என்ற கட்சியில் நினிங்கரும் சேர்ந்திருந்தார். அதற்கு ஆணித்தரமான சாட்சியம் கொடுத்தவர் அமெரிக்க விண்வெளித் துறையின் டீன் சாப்மன். 1960-ஐ ஒட்டிய வருஷங்களில் அவர் கண்ணாடி உருண்டைகளைச் சோதனைக் குழாயில் வைத்து, அவற்றின் மேல் நெருப்பாய்ச் சுடும் காற்றைப் பிரமாதமான வேகத்தில் பாய்ச்சினார். முன்பக்கம் உருகிப் பின்னால் வழிந்து, பேக்கரின் பித்தான்களில் இருந்த அதே விளிம்பு, அதே வளையங்கள் உண்டாயின. ஆகவே ஆஸ்திரேலியப் பித்தான் இரண்டு தடவை உருகியிருக்கிறது. ஒன்று பிறந்தபோது, மற்றது ஆறி இறுகிய பிறகு நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் காற்றுமண்டலத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கியபோது. இறங்கியது என்றால் மேலே இருந்திருக்கிறது. மேலே என்றால் சந்திரன் என்றார் சாப்மன். எந்தப் பள்ளம் என்றுகூடச் சொன்னார்: டைக்கோ.

இங்கேதான் நம் மூன்றாவது புத்தகம். ஜான் ஓகீஃப் 1976-இல் டெக்டைட்டுகளையும் அவற்றின் பிறப்பையும் பற்றி எழுதிய நூல். பூமி சற்றே பேரிக்காய் வடிவம் என்று செயற்கைக் கோளின் பாதையிலிருந்து கண்டு சொன்ன அதே ஓகீஃப்தான். இந்த நூல் வெளிவந்தபோது கட்சி ஏற்கெனவே தோற்றிருந்தது. 1969-இல் அப்பல்லோ கொண்டு வந்த சந்திரக் கற்களில் சிலிக்கா பாதியளவுகூட இல்லை. டெக்டைட்டிலோ அது பெரும்பாலும் நூற்றுக்கு எழுபதுக்கு மேல். ஆனாலும் ஓகீஃப் விடவில்லை. கண்ணாடி காய்ச்சுகிறவனைக் கேளுங்கள் என்கிறார். மணலை உருக்கினால் போதாது; குமிழிகள் வெளியேற உலையை மணிக்கணக்கில் சூடாக வைத்திருக்க வேண்டும். டெக்டைட் இவ்வளவு தெளிவாக, ஈரப்பசையே இல்லாமல் இருக்கிறதே, கண் மூடித் திறக்கும் நேரத்தில் நடந்து முடிகிற மோதலில் இது எப்படி வாய்க்கும்? சந்திரனில் உள்ள எரிமலையே அந்த உலை என்பது அவர் பதில். 2000-இல் இறக்கும் வரையில் அவர் இதை மாற்றிக்கொள்ளவில்லை.

தீர்ப்பு வேறு விதமாக ஆயிற்று. ஜெர்மனியில் நோர்ட்லிங்கன் என்ற பழைய ஊர் சுமார் 24 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பள்ளத்துக்குள் இருக்கிறது. அது விண்கல் மோதிய பள்ளம் என்பது 1960-ஐ ஒட்டி நிரூபணமாயிற்று. அந்த மோதலில் உருகிக் கலந்த கல்லைக் கொண்டுதான் அவ்வூர் மாதா கோவில் கட்டப்பட்டிருக்கிறது! அந்தப் பள்ளத்தின் வயதும் செக் நாட்டுப் பச்சைக் கண்ணாடியின் வயதும் ஒன்றே: ஒன்றரைக் கோடி வருஷத்துக்குச் சற்றுக் குறைவு. ஐவரி கோஸ்ட் கற்களுக்குக் கானா நாட்டின் போஸும்ட்வி ஏரி ஜோடியாயிற்று. அமெரிக்கக் கற்களுக்கு ஜோடியான செஸபீக் விரிகுடாப் பள்ளம் 1990-களில் தெரிய வந்தது. மழையோடு பூமிக்கு வந்து மேல்மண்ணில் தங்குகிற பெரிலியம்-10 என்ற பொருள் ஆஸ்திரேலியக் கற்களுக்குள் இருப்பதை 1982-இல் கண்டார்கள். இதற்குமேல் சாட்சி வேண்டுமா? டெக்டைட் நம் பூமியின் மண்தான். விண்கல் மோதிய வேகத்தில் உருகி, உயர எறியப்பட்டு, ஆறித் திரும்பி வந்த மண்.

இப்போது கடைசி அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்துவிட்ட வாசகர், ஓகீஃப்பைப் பார்த்துச் சிரிக்கலாமா? கூடாது என்பது என் கட்சி. மேலேயிருந்து இறங்கியது என்று சாப்மன் சொன்னது இன்றும் உண்மை. அது முதலில் இங்கிருந்தே மேலே போயிற்று என்பதுதான் அவர் கதையில் விட்டுப்போன பகுதி. குமிழியைப் பற்றி ஓகீஃப் கேட்ட கேள்வியும் வீணாகவில்லை. மோதலின் வெப்பம் எந்தச் சூளையின் வெப்பத்தையும் மிஞ்சியது, அதனால் சூளைக் கணக்கு அங்கே அப்படியே செல்லாது என்று எதிர்க்கட்சியார் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. கேள்வி இல்லாவிட்டால் அந்தக் கணக்கை யார் போட்டிருப்பார்கள்? அவர் நூலின் குறை வேறு. தோற்ற பிறகும் தன் கதைக்கு இடைஞ்சலான சந்திரக் கல்லை ஒதுக்கிவிட்டு, கண்ணுக்குப் படாத வேறு சந்திரப் பாறையை நம்பச் சொல்கிறார். எரிமலை இல்லாத சமவெளியைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்த டார்வினுக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஜயித்த கட்சிக்கும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. டெக்டைட் விழுந்த இடங்களில் மிகப் பெரியது, இந்தோசீனாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரந்து கிடப்பது. அதன் வயது சுமார் எட்டு லட்சம் வருஷம், மற்றவற்றைவிட இளையது. ஆனால் அதன் பள்ளத்தை மட்டும் சந்தேகமறக் காட்ட இன்னும் ஒருவராலும் முடியவில்லை. தெற்கு லாவோஸில் போலவேன் பீடபூமியின் எரிமலைப் பாறைக்கு அடியில் புதைந்திருக்கிறது என்று 2020-இல் ஒரு குழுவினர் எழுதினார்கள். அதை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை.

எனவே இந்த நாவலுக்குக் கடைசி அத்தியாயம் இன்னும் அச்சாகவில்லை. அதனால்தான் நடு அத்தியாயங்களை மரியாதையோடு படிக்க வேண்டும் என்கிறேன். ஒரு வியாக்கியானம் சரியா தவறா என்பது காலம் சொல்கிற தீர்ப்பு. தனக்குப் பாதகமான சாட்சியத்துக்கு அது நாற்காலி போட்டதா, விரட்டியதா என்று நாமே இன்று பார்த்துச் சொல்லலாம். விமரிசகனுக்கு உரிய வேலை அதுதான்.