புகையான்: புகையே இல்லாத புகைச்சொல்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து நெல் வயல்களில் 'புகையான்' என்றால் ஒரு பூச்சி. வேளாண் கையேடுகளில் அதற்கு இன்னொரு பெயரும் உண்டு: 'பழுப்புத் தத்துப்பூச்சி'. ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழாக்கியது. பூச்சியைக் கையில் பிடித்துப் பார்க்கிறவருக்குச் சரி. வரப்பில் நிற்கிறவருக்கு எதுக்கு ஆகும்?

'புகையான்' வரப்பிலிருந்து பார்த்து வைத்த பேர். சாறு உறிஞ்சப்பட்ட பயிர் அங்கங்கே வட்ட வட்டமாகக் காய்ந்து, புகை அடித்துத் தீய்ந்த மாதிரி நிற்கும். பூச்சியோட நிறம், அது தத்துறது எதுவும் இந்தப் பேரில் இல்லை. 'ஆனைக்கொம்பன்' கூட இப்படித்தான். ஈயைப் பார்த்து வைக்கவில்லை. தந்தம் போல வெளுத்து நீண்ட குருத்தைப் பார்த்து வைத்தது.

ஆனா இந்தச் சொல்லிலும் ஒரு குறை இருக்கு. புகைந்தது கண்ணுக்குத் தெரியும்போது நேரம் கடந்திருக்கும். பூச்சி இருப்பது பயிரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. குனிந்து விலக்கிப் பார்த்தால்தான் தெரியும். தூருக்கு 1 பூச்சி இருந்தாலே மருந்தை யோசிக்கணும். அதைத் தின்கிற சிலந்தி இருந்தால் 2 வரை பொறுக்கலாம். யூரியாவை அள்ளிப் போட்டால் பூச்சி பெருகும். பைரித்ராய்டு மருந்து அடித்தால் சிலந்தி செத்து, இன்னும் பெருகும். நடவிலேயே 8 அடிக்கு 1 அடி பட்டம் விடச் சொல்வது, வெயிலும் காற்றும் அடித்தூர் வரை போகத்தான்.

துண்டறிக்கை எழுதுகிறவங்க தலைப்பில் 'புகையான்' என்றே போடட்டும். அதுக்கு அடுத்த வரியிலேயே 'பயிரை விலக்கி அடித்தூரைப் பாருங்க' என்று இருக்கணும். பழுப்பும் தத்தலும் அடைப்புக்குறிக்குள் போகலாம்.