நாக்கு வரைபடம்: அளவு போடாத ஒரு கிராஃப்

ஏழாவது படிக்கும் என் மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கைடில் அந்தப் படம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். நுனியில் இனிப்பு, அதை ஒட்டி உப்பு, ஓரங்களில் புளிப்பு, அடிநாக்கில் கசப்பு. வீட்டு மனைக்குப் பிளாட் போட்ட மாதிரி இருக்கும். நான் 90களில் படித்ததும் இதே படம்தான்.

"அப்போ நுனியில கசப்பு தெரியாதாப்பா?" என்றாள். பாகற்காய்ச் சாறு கொஞ்சம் எடுத்து, பஞ்சில் தொட்டு நுனிநாக்கில் வைத்தேன். முகம் அஷ்டகோணலானது. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "பரீட்சையில இனிப்புன்னுதான் எழுதுவேன், இல்லாட்டி மார்க் போயிடும்" என்றாள். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் இந்தப் பதிவு.

கதை 1901-இல் தொடங்குகிறது. ஹேனிக் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், நாக்கின் விளிம்பில் இடம் இடமாக நான்கு சுவைகளையும் வைத்து, எவ்வளவு நீர்த்த கரைசல் வரை தெரிகிறது என்று அளந்தார். நுனி இனிப்புக்கும், பின்பகுதி கசப்புக்கும் கொஞ்சம் கூடுதல் கூர்மை காட்டின. "கொஞ்சம்" என்பதுதான் முக்கியம். எல்லா இடத்திலும் எல்லாச் சுவையும் தெரிந்தது.

1942-இல் ஹார்வர்டின் எட்வின் போரிங், உளவியல் வரலாறு பற்றிய தன் புத்தகத்தில் இந்த முடிவுகளைக் கிராஃபாகப் போட்டார். கோடு எங்கே மேலே போகிறது, எங்கே கீழே இறங்குகிறது என்று தெரியும். எவ்வளவு என்பதற்குத்தான் சரியான அளவு இல்லை. ஆபீஸில் யாராவது y அச்சில் எண் போடாமல் டாஷ்போர்டு காட்டினால் முதல் கேள்வியே அதுதான் வரும். இங்கே கேட்க ஆளில்லை. கோடு தாழ்ந்த இடத்தைப் பார்த்தவர்கள் "அங்கே சுவையே தெரியாது" என்று படித்துக்கொண்டார்கள்.

இணையத்தில் இதை "ஜெர்மன் மொழிபெயர்ப்புப் பிழை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. பிழை மொழியில் இல்லை, அச்சில் இருக்கிறது. "கொஞ்சம் அதிகம்" என்பதை "இங்கே மட்டும்" என்று மாற்ற எந்த மொழியும் தேவையில்லை, ஒரு வண்ணப் பென்சில் போதும்.

1974-இல் வர்ஜீனியா காலிங்ஸ் மறுபடி அளந்து பார்த்தார். வித்தியாசம் உண்டு, ஆனால் சிறியது. பிறகு செல் அளவில் பார்த்தபோது, ஒவ்வொரு சுவை மொட்டிலும் வெவ்வேறு சுவைகளுக்கான செல்கள் கலந்தே இருப்பது தெரிந்தது. அண்ணத்தின் பின்பகுதியில்கூட மொட்டுகள் உண்டு. படத்தில் அண்ணமே கிடையாது! 1908-இலேயே ஜப்பானில் இகேடா கண்டுபிடித்த உமாமிக்கும் அதில் இடமில்லை.

நம் அறுசுவையில் உள்ள கார்ப்பும் துவர்ப்பும் அதில் இல்லையே என்று ஒரு நண்பர் கேட்டார். இந்த ஒரு விஷயத்தில் படத்தைக் குறை சொல்ல மாட்டேன். மிளகாயின் காரம் சுவை மொட்டு வழியாக வருவதில்லை. சுடுதண்ணீர் பட்டால் தூண்டப்படும் அதே ஏற்பிதான் காரத்துக்கும் தூண்டப்படுகிறது. எரியுது என்று சொல்வது உவமை இல்லை, கிட்டத்தட்ட நேரடிச் செய்தி. துவர்ப்பு பெரும்பாலும் தொடுவுணர்ச்சி. ஆனால் சாப்பிடுகிறவனுக்கு இந்தப் பிரிவினை எதற்கு என்றால், அதுவும் நியாயமான கேள்விதான்.

படத்தின் மேல் எனக்கு உள்ள பெரிய கோபம் வேறு. நாக்கில் நிஜமாகவே ஒரு காலி இடம் உண்டு. நடுப்பகுதியில் சுவை மொட்டுகள் மிகக் குறைவு. இல்லாத எல்லைகளை வண்ணம் தீட்டிக் காட்டும் படம், சுலபமாகச் சோதிக்கக்கூடிய இந்த உண்மையை ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை.

வீட்டில் செய்து பார்ப்பதாக இருந்தால் உப்பு, சர்க்கரை, எலுமிச்சை, பாகற்காய் போதும். ஒவ்வொன்றுக்கும் புதுப் பஞ்சு, நடுவில் தண்ணீர். பிள்ளையின் கண்ணைக் கட்டிவிட்டு மூக்கையும் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லையென்றால் வாசனையிலேயே சொல்லிவிடுவார்கள். நாக்கை உள்ளே இழுப்பதற்கு முன்பே பதில் கேளுங்கள். முதல் தடவை நாங்கள் கோட்டைவிட்டது அங்கேதான்.