எந்த மாவட்டத்துப் புதூர்?

தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையில், அழைப்பை எடுப்பவரின் நிதானம் எனக்குப் பெரிய கலையாகவே படுகிறது. இந்த வேலைக்கு வருகிறவர் முதலில் பழக வேண்டியது, அழுகைக்கு நடுவே இடத்தைக் கேட்டு வாங்குவது. "சீக்கிரம் வாங்க சார்!" என்று அலறுபவரிடம், "எந்த ஊருங்க? பக்கத்துல கோயில், பள்ளிக்கூடம் ஏதாவது இருக்கா?" என்று கேட்க வேண்டும். புதூர் என்றால் போதாது. எந்த மாவட்டத்துப் புதூர்? விரல்கள் விவரத்தைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே வாய், "மூச்சு விடுறாரா, நெஞ்சைப் பாருங்க" என்கிறது. தட்டச்சு வேகம் பயிற்சியில் வந்துவிடும். பதறாத குரல் (இதற்கு மதிப்பெண் பட்டியல் உதவாது) லேசில் வராது. அழைக்க நேர்ந்தால் முதலில் இடத்தைச் சொல்லுங்கள்; அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள்.