ஏலக்காயின் மணம் எங்கே போயிற்று?

சென்ற பொங்கலன்று ராசிங்காபுரத்தில் எங்கள் வீட்டுச் சர்க்கரைப் பொங்கலை வாயில் வைத்த சின்னம்மா ஒரு குறை சொன்னார்: “காய் பார்க்க மணிமணியாத்தான் இருக்கு. வாசத்தைத்தான் காணோம். அந்தக் காலத்துல ரெண்டு காயைத் தட்டிப் போட்டா தெருவே மணக்கும்ப்பா.”

சின்னம்மா ஏலக்காயை அறியாதவர் அல்லர். போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில் உள்ளது எங்கள் ஊர். அங்கிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலையைக் கடந்து, இடுக்கித் தோட்டங்களில் முப்பது ஆண்டுகள் காய் எடுத்தவர் அவர். ஆகவே அவர் சொன்னதை வெறும் பழைய நினைவு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இதே குறையைப் போடியில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்கு ஆயத்தமாக ஒரு விடையும் வைத்திருக்கிறார்கள்: “எல்லாம் புதுச் சாதி வந்த வினை.”

இந்த விடை சரிதானா? குற்றவாளியைத் தீர்மானிக்குமுன் சாட்சிகளை விசாரிப்பதே அறிவியல் முறை. அதைச் செய்து பார்ப்போம்.

மணம் இருக்கும் இடம்

ஏலம் இஞ்சிக் குடும்பத்துச் செடி. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளே அதன் தாயகம். நாம் கடையில் பார்த்து வாங்குவது அதன் பச்சைத் தோலை. நமக்கு மணம் தருவதோ உள்ளே ஒட்டிக் கிடக்கும் கறுப்பு விதை. எளிதில் ஆவியாகும் எண்ணெய் அந்த விதையில்தான் உள்ளது. தோலில் இருப்பது பெயரளவுக்கே.

இந்த எண்ணெய் ஒரே பொருள் அன்று. பல சேர்மங்களின் கலவை. அவற்றுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று சினியோல். யூக்கலிப்டஸ் தைலத்தில் மூக்கைத் துளைப்பதும் இதுவே. மற்றொன்று டெர்பினைல் அசிட்டேட். இனிப்பும் பூவின் மென்மையும் கலந்த மணம் இதனுடையது. இவற்றோடு லினலூல் போன்றவை சிறு அளவில் சேர்கின்றன. சினியோல் மிகுந்தால் காரமான தைல வாடை மேலோங்கும். டெர்பினைல் அசிட்டேட் மிகுந்தால் இனிய மணம் மேலோங்கும். ஆகவே “மணம் குறைந்துவிட்டது” என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு குற்றச்சாட்டுகள் அடங்கியிருக்கின்றன. எண்ணெயின் அளவே குறைந்திருக்கலாம்; அல்லது கலவையின் விகிதம் மாறியிருக்கலாம். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சாதி மட்டுமா காரணம்?

ஏலத்தில் மரபாக மூன்று வகைகளைச் சொல்வார்கள். பூங்கொத்து தரையில் படர்வது மலபார். நிமிர்ந்து நிற்பது மைசூர். இரண்டுக்கும் இடைப்பட்டது வழுக்கா. மலபார் வகையில் சினியோலும், மைசூர் வகையில் இனிய மணப் பொருள்களும் சற்று மிகுதி என்பது ஆய்வாளர் கண்டது. எனவே சாதி மாறினால் மணமும் மாறும் என்பது உண்மையே.

இடுக்கி மாவட்டத்துக் கட்டப்பனைப் பகுதி விவசாயியான செபாஸ்டியன் ஜோசப் தம் தோட்டத்திலேயே தேர்ந்தெடுத்து வளர்த்த ஞள்ளானி என்னும் வகை, 1990களில் மலையெங்கும் பரவிற்று. ஆய்வுக்கூடம் எதுவுமின்றி, கூர்ந்த கண்ணாலும் பொறுமையாலும் ஒரு விவசாயி செய்த சாதனை இது. பருத்த காய், மிகுந்த விளைச்சல். தாய்ச்செடியின் கிழங்கிலிருந்து பிரித்த கன்றுகளை நட்டதால், மலைச்சரிவெங்கும் ஒரே செடியின் நகல்கள் நிறைந்தன. பலவகைக் காய்கள் கலந்து வந்த பழைய மணக்கலவை அதனால் மாறியிருக்கக்கூடும்.

வேறு பயிர்களில் இத்தகைய இழப்பு மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது. தக்காளி எங்கும் ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று பல்லாண்டுகள் தேர்ந்தெடுத்ததில், காயிலேயே சர்க்கரை உருவாக உதவும் ஒரு மரபணு பழுதுபட்ட செடிகளே நிலைத்துவிட்டன என்று 2012இல் கண்டறிந்தனர். ரோஜா மணத்தின் ஒரு பகுதி எந்த நொதியால் உண்டாகிறது என்பதையும், மணமற்ற ரோஜா வகைகளில் அது செயலடங்கியிருப்பதையும் 2015இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினர். கண்ணுக்காகத் தேர்ந்தெடுத்தால் மூக்கும் நாக்கும் இழப்பது உண்டு என்பதே இவற்றின் பாடம்.

ஆயினும் இதை அப்படியே ஏலக்காய்க்குப் பொருத்திவிட முடியாது. ஞள்ளானியைக் குற்றவாளியாக்க வேண்டுமானால், அதன் எண்ணெயையும் பழைய காயின் எண்ணெயையும் ஒரே நிலத்தில், ஒரே பருவத்தில், ஒரே முறையில் உலர்த்தி ஒப்பிட வேண்டும். சின்னம்மாவின் நினைவில் இருக்கும் காயை நாம் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவர இயலாது. அன்று ஏலக்காய் திருநாளுக்கு மட்டும் டப்பாவிலிருந்து வெளிவந்த அரும்பொருள். அதை அப்போதே இடித்து, அப்போதே போட்டார்கள். அடிக்கடி முகரும் மணம் மூக்குக்குப் பழகி மங்கிவிடும். அரிதாக முகர்ந்தது நினைவில் பெருகி நிற்கும். இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சாதியின் மேல் பழி போடுவதில் மற்றொரு தீமையும் உண்டு. செடியின் மேல் பழி போட்டுவிட்டால், மனிதர் செய்வதை நாம் பார்க்காமலே விட்டுவிடுவோம்.

ஏலத்தில் மூன்று சாட்சிகள்

ஏலக்காயை ஏலம் விடும் ஊர் போடிநாயக்கனூர். 1966இல் ஏலக்காய் வாரியம் அமைந்தது. 1987இல் நறுமணப் பொருள் வாரியம் அதன் பணியை ஏற்றது. 2007 முதல் போடியில் கணினி வழியே ஏலம் நடக்கிறது. அங்கே ஒரு லாட் காய்க்கு விலை எதைக் கொண்டு ஏறுகிறது? பருமன், லிட்டர் எடை, நிறம் ஆகிய மூன்று சாட்சிகளே பெரும்பாலும் பேசுகின்றன. அக்மார்க் தரப்படி, ‘ஆலப்பி பச்சை’ என்ற வரிசையின் உயர்ந்த தரத்துக்கு 7 மில்லிமீட்டர் பருமனும், லிட்டருக்கு 435 கிராம் எடையும் வேண்டும். அடுத்த தரத்துக்கு 6 மில்லிமீட்டர், 415 கிராம். அதற்கும் அடுத்ததற்கு 5 மில்லிமீட்டர், 385 கிராம்.

முதல் சாட்சி பருமன். சல்லடையில் சலித்து இதை எளிதில் அறியலாம். ஆனால் பெரிய காயின் விதையில் எண்ணெய் விகிதம் மிகுதி என்பதற்கு எந்த விதியும் இல்லை. பருமன் அழகுக்குச் சாட்சி. மணத்துக்குச் சாட்சி அன்று.

இரண்டாவது லிட்டர் எடை. இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு இச்சாட்சியின் மேல் சிறிது மதிப்பு உண்டு. ஒரு லிட்டர் படியில் காயை நிரப்பி எடை போட்டால், உள்ளே விதை நிறைந்திருக்கிறதா, சுருங்கிய பிஞ்சா என்பது ஓரளவு தெரியும். விதை முற்றியிருந்தால் எண்ணெய் இருக்கும் வாய்ப்பும் மிகுதி. ஆயினும் ஈரம் மிகுந்த காயும் கனக்கும். எண்ணெய் ஆவியாகிப் போன பழைய காயும் ஏறத்தாழ அதே எடை காட்டும்.

மூன்றாவது நிறம். மிகுந்த செல்வாக்கு உடையது இச்சாட்சியே. ஆகவே இதைக் குறுக்கு விசாரணை செய்தாக வேண்டும்.

பச்சை சொல்லும் பாதி உண்மை

பச்சை நிறம் பச்சையத்தால் வருவது. பச்சைய மூலக்கூறின் நடுவில் மெக்னீசியம் அணு ஒன்று அமர்ந்திருக்கிறது. வெப்பத்தாலும் காயிலுள்ள அமிலத்தாலும் அது வெளியேறினால் பச்சை மங்கிப் பழுப்பாகும். இதைத் தடுக்கவே பறித்த காயை 2 சதவிகிதச் சலவைச் சோடாக் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்து உலர்த்தும் முறை உண்டு. வெயிலும் வெளிச்சமும் பச்சையைக் கெடுக்கும். ஆகவே மூடிய உலர் அறையில் 45 முதல் 55 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மெதுவாக உலர்த்தி, கறுப்புப் பாலித்தீன் உறை இட்ட சாக்கில் சேமிக்கிறார்கள்.

இங்கே ஒரு நியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மிதமான வெப்பமும் இருட்டும் மூட்டமும் எண்ணெய்க்கும் நல்லவை. எனவே உலர்த்தியது எப்படி, சேமித்தது எப்படி என்ற வினாக்களுக்குப் பச்சை நிறம் பெரும்பாலும் உண்மையே சொல்லும்.

பறித்தது எப்போது என்ற வினாவுக்கு அது உண்மை சொல்வதில்லை. நன்கு பழுத்த காய் மஞ்சளாகும். உலர்த்தினால் வெளிறும், சில வெடிக்கும். அதனால் பழுக்குமுன் பறிக்கிறார்கள். விதை கறுத்து முற்றி, தோல் இன்னும் பச்சையாக இருக்கும் ‘கரிங்காய்’ப் பருவமே சரியான பருவம். ஆனால் ஒரே கொத்தில் பிஞ்சும் கரிங்காயும் பழமும் சேர்ந்தே இருக்கும். வாரக்கணக்கில் இடைவெளி விட்டுச் சுற்று வரும்போது, அடுத்த சுற்றுக்குள் பழுத்து நிறம் போய்விடுமே என்ற அச்சத்தில் முற்றாததையும் எடுத்துவிடுகிறார்கள். சின்னம்மாவிடம் இதைக் கேட்டேன். “முத்தினதை மட்டும் எடுன்னுதான் சொல்லுவாங்க. பழத்தை விட்டா திட்டு விழும். பிஞ்சு ரெண்டு கூடப் போனா யாரு கேக்குறா?” என்றார். நிறத்துக்குக் கொடுக்கும் விலை, கொத்தின் முன் குனிந்திருக்கும் பெண்ணின் விரல்வரை வந்து வேலை செய்கிறது!

பிஞ்சில் எண்ணெய் குறைவு. அது பச்சையாகவே உலரும். பழுத்து மஞ்சளான காயின் விதையிலிருந்து எண்ணெய் மறைந்துவிடுவதில்லை. அது விலை இழக்கிறது. முகப்பு அழகுக்கு இன்னொரு விலையும் உண்டு. இலைப்பேன் தாக்கினால் காயின் தோலில் சொறி விழுந்து மதிப்புக் குறையும். தோலைக் காக்கவே திரும்பத் திரும்ப மருந்து அடிக்கிறார்கள். பச்சைக்குத் தரும் விலையே, செயற்கைச் சாயம் பூசும் தீய எண்ணத்தையும் சிலருக்குத் தூண்டுகிறது. சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது.

எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு விளையாட்டுச் சோதனை செய்தேன். பளிச்சென்ற பச்சைக் காயையும் வெளிறிய காயையும் நசுக்கி நீட்டினேன். கண்ணைத் திறந்து முகர்ந்தவர்கள் தயங்காமல் பச்சையைப் புகழ்ந்தனர். கண்ணை மூடச் சொன்னதும் தயங்கத் தொடங்கினர். இது மெய்ப்பு அன்று; ஆனால் முகர்வதில் கண் எவ்வளவு பங்கு கொள்கிறது என்பதை எனக்கு உணர்த்தியது.

மணம் ஆவியாகும் வழி

பறித்த காயில் சுமார் 80 சதவிகிதம் நீர். உலர்ந்த காயில் 10 சதவிகிதம் இருக்கலாம். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: 100 கிலோ பச்சைக் காயில் நீரல்லாத பொருள் 20 கிலோ. உலர்ந்தபின் கிடைப்பது ஏறத்தாழ 22 கிலோ. அதாவது 78 கிலோ நீர் காயை விட்டு வெளியேறுகிறது.

அந்த நீர் தனியே போவதில்லை. சினியோலின் கொதிநிலை 176 டிகிரி. உலர் அறை 50 டிகிரியில்தானே இருக்கிறது, எண்ணெய் எப்படிப் போகும் என்று கேட்கலாம். ஈரத்துணி கொதிக்காமலே உலர்கிறதல்லவா? ஒவ்வொரு திரவத்துக்கும் எந்த வெப்பத்திலும் ஓர் ஆவியழுத்தம் உண்டு. வெப்பம் ஏற ஏற அது விரைந்து பெருகும். விறகையும் நேரத்தையும் மிச்சப்படுத்த வெப்பத்தைக் கூட்டினால், எண்ணெயையும் சேர்த்தே விரட்டுகிறோம். மலைச்சரிவில் உலர் அறைக்கு அருகே நின்றால் மணம் கமழ்கிறது என்று மகிழ்கிறோம். அந்த மணம் முழுவதும் நம் காயிலிருந்து போனதே.

மிஞ்சிய எண்ணெய்க்கு அரண் தோல்தான். தோலை உரித்து விதையை வைத்தால் இழப்பு விரையும். பொடித்தால் பரப்பளவு பெருகி இன்னும் விரையும். கடையில் பொட்டலமாகக் கிடந்த பொடியை வாங்கிக்கொண்டு, சாதியைப் பழிப்பதில் நியாயம் இல்லை.

நான்காவது சாட்சியைக் கூப்பிடுங்கள்

மணத்தை அளக்க முடியாது என்று யாரேனும் சொன்னால் அது தவறு. 1928இல் கிளெவெஞ்சர் என்பவர் வெளியிட்ட எளிய கண்ணாடிக் கருவி ஒன்று உண்டு. எடை போட்ட விதையை நீரோடு கொதிக்கவைத்தால், எண்ணெய் நீராவியோடு வந்து குளிர்ந்து, அளவுக்கோடு இட்ட குழாயில் நீரின் மேல் மிதக்கும். எத்தனை மில்லிலிட்டர் என்று கண்ணால் படித்துவிடலாம். சில மணி நேர வேலை. கல்லூரி வேதியியல் கூடமே போதும். நம் உணவுப் பாதுகாப்பு விதிகளும் ஏலவிதை 100 கிராமில் எண்ணெய் 3.5 மில்லிலிட்டருக்குக் குறையக் கூடாது என்கின்றன. ஆனால் இது கடைநிலைத் தகுதி மட்டுமே. 4 இருந்தாலும் 7 இருந்தாலும் தரச்சீட்டில் வேறுபாடு இல்லை.

அனுபவமுள்ள வணிகர் காயைப் பிளந்து, விதையைக் கடித்துப் பார்ப்பார் என்பதை நான் அறிவேன். அந்தக் கலையை மதிக்கிறேன். ஆனால் அந்த அறிவு அவர் நாக்கோடு நின்றுவிடுகிறது. முற்ற விட்டுப் பறித்த விவசாயிக்கு ஓர் எண்ணாக அது போய்ச் சேர்வதில்லை. எளிதில் அளக்கக்கூடியதை அளந்துவிட்டு, அதையே தரம் என்று பெயரிட்டிருக்கிறோம். மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மாணவனை எடைபோடும் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு இந்தப் பிழை புதியதன்று.

பருமன், எடை, நிறம் என்ற மூன்று கட்டங்களுக்குப் பக்கத்தில் எண்ணெய் என்று நான்காவதாக ஒரு கட்டம் வேண்டும். எல்லா லாட்டையும் சோதிக்க நேரம் இல்லையென்றால், விரும்பும் விவசாயியின் காய்க்கு மட்டும் சோதித்துச் சீட்டில் எழுதலாம். வாங்குவோர் அதற்கு விலை தருகிறார்களா என்பது ஒரு பருவத்திலேயே தெரிந்துவிடும்.

மாணவ நண்பர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே பொட்டலத்துக் காயில் பாதியைத் தோலோடும், பாதியை உரித்தும் தனித்தனிப் புட்டிகளில் ஒரு மாதம் வையுங்கள். பிறகு இரண்டையும் இடித்து, எது எது என்று சொல்லாமல் வீட்டாரைக் கண்ணை மூடி முகரச் சொல்லுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது நிறத்தைப் பார்த்ததோடு நிற்காமல் ஒரு காயை உடைத்து, விதை கறுத்துப் பிசுபிசுப்பாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சின்னம்மாவிடம் இவ்வளவையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ செடி மேல தப்பில்லேங்கிறே” என்றார். செடியின் மேல் தவறே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை விசாரிக்குமுன் விசாரிக்க வேண்டியவர்கள் நாமே என்றுதான் சொல்கிறேன்.